செல்லோ ஏறிய ஜாஸ் மேடை

ஜாஸ் என்றதும் பலருக்கும் கண்முன் வருவது ஒரு டிரம்பெட், ஒரு சாக்ஸபோன், மூலையில் ஒரு பியானோ, பின்னால் வியர்க்க விறுவிறுக்க டிரம்ஸை விளாசும் ஒரு ஆள். 1955-ல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் ஸ்ட்ரோலர்ஸ் என்ற கிளப்புக்குள் நுழைந்தவர்களும் இதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் மேடையில் இருந்ததோ ஒரு புல்லாங்குழல், ஒரு கிட்டார், ஒரு டபுள் பாஸ், ஒரு டிரம்ஸ் செட். கூடவே ஒரு செல்லோ!

செல்லோ தெரியாதவர்களுக்கு: வயலினின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். தோளில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழுத்து வாசிக்க வேண்டும். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ராஜமரியாதை உள்ள வாத்தியம். சிகரெட் புகையும் மது கிளாஸ் சத்தமும் நிறைந்த ஒரு கிளப்பில் அதற்கு என்ன வேலை?

இந்தக் குழுவின் பெயர் சிக்கோ ஹாமில்டன் குவின்டெட். 'சேம்பர் ஜாஸ்' என்று இந்த வகைக்கு ஒரு பெயர் உண்டு. பெரிய அரங்கத்துக்காக இல்லாமல், ஒரு அறைக்குள் நாலைந்து பேர் உட்கார்ந்து வாசிக்கும் சாஸ்திரிய இசைக்குச் 'சேம்பர் மியூசிக்' என்று பெயர். அந்த அடக்கமும் நுணுக்கமும் ஜாஸுக்குள் வந்தால் அது சேம்பர் ஜாஸ். வரலாற்றுப் புத்தகங்களில் பெரும்பாலும் இந்தக் குழுவுக்கு அந்தத் தலைப்பின் கீழ் ஒரு பத்தி கிடைக்கும். "வித்தியாசமான வாத்தியங்கள், மென்மையான இசை", அவ்வளவுதான்.

அந்த ஒரு பத்தியில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த செல்லோவுக்குப் பக்கத்தில் நின்று புல்லாங்குழல் வாசித்தவர், தன் பள்ளிக் காலத்தில் இன்னொரு பையனிடம் செல்லோவை விட்டுவிடச் சொன்னவர். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

முதலில் தலைவர். சிக்கோ ஹாமில்டன் 1921-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த கறுப்பின டிரம்ஸ் கலைஞர். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே சார்லஸ் மிங்கஸ், டெக்ஸ்டர் கோர்டன், இல்லினாய் ஜாக்கே, பட்டி காலெட் என்று பிற்காலத்தில் ஜாஸ் உலகையே ஆட்டிவைத்த பையன்களோடு ஒரே குழுவில் வாசித்தவர். (இப்படி ஒரு பள்ளிக்கூட பேண்டைக் கேட்டவர்கள் கொடுத்து வைத்தவர்கள்!) 1948-லிருந்து பாடகி லீனா ஹார்னுக்குப் பக்கவாத்தியம். பாடகிக்கு வாசிக்கிற டிரம்ஸ்காரர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அடிப்பதை அல்ல, அடிக்காமல் இருப்பதை. குரல் அமுங்கிப் போனால் வேலை போய்விடும்.

1952-ல் இன்னொரு திருப்பம். லாஸ் ஏஞ்சலஸில் தி ஹெய்க் என்ற சின்ன கிளப். அங்கே ஜெர்ரி மல்லிகன் என்ற பாரிடோன் சாக்ஸபோன் கலைஞர், டிரம்பெட் வாசிக்கும் செட் பேக்கரோடு சேர்ந்து பியானோவே இல்லாமல் ஒரு நால்வர் குழு அமைத்தார். பியானோ இல்லாமல் வாசித்த வேறொரு குழுவுக்காகக் கிளப்காரர்கள் பியானோவை அப்புறப்படுத்திவிட்டார்கள், அதனால் வந்த யோசனை இது என்று ஒரு கதை சொல்வார்கள். காரணம் எதுவானாலும் பலன் பெரியது. ஜாஸில் பியானோதான் தரை. எல்லோரும் அதன்மேல்தான் நடப்பார்கள். அந்தத் தரையை எடுத்துவிட்டால், இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் உற்றுக் கேட்டே ஆக வேண்டும். அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் ஹாமில்டன். பிறகு அதில் பாஸ் வாசிக்க வந்த கார்சன் ஸ்மித்தைத்தான் மூன்று வருடம் கழித்துத் தன் குழுவுக்கும் அழைத்துக்கொண்டார்.

ஆக 1955-ல் சொந்தக் குழு தொடங்கியபோது, மெதுவாக வாசிப்பது, பியானோ இல்லாமல் சமாளிப்பது என்ற இரண்டு பாடங்களும் ஹாமில்டனுக்கு அத்துப்படி. கிட்டாருக்கு ஜிம் ஹால் என்ற 24 வயது இளைஞர். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாவற்றுக்கும் ஒரே ஆளாகப் பட்டி காலெட். ஐந்தாவது ஆள் ஃப்ரெட் காட்ஸ்.

காட்ஸ் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். சிறு வயதிலேயே செல்லோவும் பியானோவும் முறையாகக் கற்றவர். சிம்பொனி இசைக்குழுவில் வாசித்த அனுபவம் உண்டு. ஆனால் வயிற்றுப்பாட்டுக்குப் பாடகர்களோடு பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். லீனா ஹார்னுக்கும் வாசித்திருக்கிறார். ஹாமில்டன் குழுவுக்கும் பியானோ வாசிக்கத்தான் வந்தார் என்றும், இடைவேளைகளில் மேடையின் முன்பக்கம் வந்து உட்கார்ந்து தனியாக செல்லோ வாசிப்பார் என்றும் சொல்லப்படுகிறது. மேடையோ கைக்குட்டை அளவு. மற்றவர்கள் திரும்பி வந்து நின்றுவிட்டால் காட்ஸால் பியானோவை நெருங்க முடியாது. வேறு வழி? உட்கார்ந்த இடத்திலேயே செல்லோவோடு அடுத்த பாட்டில் சேர்ந்துகொண்டார். ஹாமில்டனுக்கு அந்தச் சத்தம் பிடித்துப் போனது. பியானோ போனது, செல்லோ நின்றது.

இதற்கு முன் ஜாஸில் செல்லோவே கிடையாது என்று சொல்ல முடியாது. ஆஸ்கர் பெட்டிஃபோர்டு போன்ற பாஸ் கலைஞர்கள் விரலால் மீட்டி வாசித்திருக்கிறார்கள். ஆனால் அது சின்ன பாஸ் மாதிரி. காட்ஸ் வில்லை எடுத்தார். ஒரு குழுவின் நிரந்தர உறுப்பினராக, புல்லாங்குழலுக்கு எதிர்க்குரலாக, இழுத்து வாசிக்கும் செல்லோ என்பது புதுசு.

இப்போது பட்டி காலெட்டின் கதைக்கு வருவோம். இந்தக் குழுவின் உண்மையான ஆழம் அங்கேதான் இருக்கிறது.

காலெட்டும் 1921-ல் பிறந்தவர். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில். அங்கே அவருடைய நண்பன் சார்லஸ் மிங்கஸ். பின்னாளில் ஜாஸ் உலகின் மிகப் பெரிய பாஸ் கலைஞர்களில் ஒருவர், இசையமைப்பாளர். அந்த மிங்கஸ் சிறுவனாக இருந்தபோது வாசித்தது செல்லோ! நன்றாகவே வாசித்தார். ஆனால் காலெட் அவரிடம் ஒரு கசப்பான உண்மையைச் சொன்னார். கறுப்பின ஆள் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் சாஸ்திரிய இசை உலகில் இடம் கிடைக்காது, செல்லோவை விட்டு பாஸுக்கு மாறு என்று. 1971-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் மிங்கஸே இதை எழுதியிருக்கிறார். காலெட் பொறாமையால் சொல்லவில்லை. நண்பனின் பிழைப்பைப் பற்றிய கவலையில் சொன்னார். அன்றைய சந்தை நிலவரத்தைச் சரியாகப் படித்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சந்தை அநியாயமானது என்பது வேறு விஷயம்.

எவ்வளவு அநியாயம் என்பதற்கு ஒரு உதாரணம். அன்றைய லாஸ் ஏஞ்சலஸில் இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கமே இரண்டாக இருந்தது. வெள்ளையருக்கு 47-ஆம் எண் கிளை, கறுப்பினத்தவருக்கு 767-ஆம் எண் கிளை. ஹாலிவுட் ஸ்டுடியோ வேலை, ரேடியோ வேலை, பிறகு டி.வி. வேலை என்று நல்ல சம்பளம் வருகிற எல்லாம் பெரும்பாலும் முதல் கிளைக்கே போகும். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே தாய்ச்சங்கம், ஆனால் இரண்டு கணக்குப் புத்தகம்!

இதை உடைப்பதற்கு முன்னின்றவர்களில் காலெட் ஒருவர். மிங்கஸ், ரெட் காலெண்டர், மார்ல் யங், பென்னி கார்ட்டர் போன்றவர்களும் இதில் உண்டு. அவர்கள் கையாண்ட வழி சுவாரசியமானது. வெறும் மனு கொடுத்துக்கொண்டு இருக்காமல், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து ஒத்திகை பார்க்கும் ஒரு சிம்பொனி இசைக்குழுவை ஏற்படுத்தினார்கள். ஒருவர் அருகில் ஒருவர் உட்கார்ந்து ஒரே காகிதத்தைப் பார்த்து வாசித்தால், "இவர்களுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது" என்ற புளுகு தானாகவே செத்துப்போகும். காலெட்டே இதற்கு நேரடி சாட்சி. பிரபல நகைச்சுவை நடிகர் குரோச்சோ மார்க்ஸ் நடத்திய நிகழ்ச்சியின் இசைக்குழுவில் முதல் கறுப்பினக் கலைஞராகச் சேர்ந்தவர் அவர். கடைசியில் 1953 ஏப்ரல் 1 அன்று இரண்டு கிளைகளும் ஒன்றாயின.

இதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் லாங் பீச் மேடை. ஐந்து பேரில் ஹாமில்டனும் காலெட்டும் கறுப்பினத்தவர். ஹால், காட்ஸ், ஸ்மித் வெள்ளையர். தலைவர் கறுப்பினத்தவர். அவர் குழுவில் செல்லோ. பிரசங்கம் எதுவும் இல்லாமல், பேனர் எதுவும் கட்டாமல், அந்த மேடை ஒரு பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தது. முழுவதுமாகத் தீர்ந்ததா என்றால் இல்லை. செல்லோ வாசித்தவர் வெள்ளையர்தானே? மிங்கஸ் இழந்த செல்லோ மிங்கஸிடம் திரும்பி வரவில்லை. ஆனால் எது யாருடைய இசை என்று போட்டிருந்த வேலி அந்த இடத்தில் நன்றாகவே சரிந்திருந்தது.

சரி, இசை எப்படி இருக்கும்? முதல் இசைத்தட்டைப் பசிபிக் ஜாஸ் நிறுவனம் 1955-ல் பதிவு செய்தது. ஒரு பாதி ஸ்ட்ரோலர்ஸ் கிளப்பில், மறு பாதி ஸ்டுடியோவில். அதில் 'புளூ சாண்ட்ஸ்' என்ற காலெட்டின் படைப்பை மட்டும் கேட்டால்கூடப் போதும். ஹாமில்டன் குச்சியை ஒதுக்கிவிட்டு, முனையில் பஞ்சு சுற்றிய மேலட்டைக் கையில் எடுக்கிறார். டம், டம் என்று தூரத்தில் ஏதோ ஊர்வலம் வருகிற மாதிரி ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் புல்லாங்குழல் பாலைவனக் காற்று போல ஒரு மெட்டை ஊதுகிறது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. டிரம்ஸ் ஒரு இடத்திலும் ஆர்ப்பாட்டம் செய்யாது, ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை.

காட்ஸ் எழுதிய 'தி சேஜ்' வேறு மாதிரி. அதில் செல்லோதான் பேசும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 'ஃப்ரீ ஃபார்ம்' என்ற உருப்படியில் முன்கூட்டியே எழுதிவைத்த மெட்டே கிடையாது. ஐந்து பேரும் மேடையிலேயே உருவாக்குகிறார்கள். 'ஃப்ரீ ஜாஸ்' என்ற பெயர் ஊரெல்லாம் பரவுவதற்குச் சில வருடங்கள் முன்பு இது!

இந்தக் கூட்டணி எப்படி வேலை செய்தது என்பதற்குப் பின்னால் எளிமையான ஒரு காரணம் உண்டு. செல்லோவும் புல்லாங்குழலும் சத்தம் குறைந்த வாத்தியங்கள். டிரம்ஸ்காரர் கொஞ்சம் கையை ஓங்கினால் இரண்டும் காணாமல் போய்விடும். மற்ற குழுக்களில் டிரம்ஸ்காரரை அடக்கி வாசிக்கச் சொல்வது தலைவரின் தலைவலி. இங்கே தலைவரே டிரம்ஸ்காரர். லீனா ஹார்னின் குரலுக்கு விட்ட இடத்தை இங்கே செல்லோவுக்கு விட்டார்.

எல்லோருக்கும் இது பிடித்ததா? இல்லை. அதே வருடங்களில் நியூயார்க்கில் ஆர்ட் பிளேக்கி, ஹொரேஸ் சில்வர் போன்றவர்கள் புளூஸும் சர்ச் இசையும் கலந்து சூடு பறக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காதுகளுக்கு லாஸ் ஏஞ்சலஸ் இசை உப்புச்சப்பில்லாததாகப் பட்டது. 'மேற்குக் கரை ஜாஸ்' என்றால் வெள்ளையர்களின் மென்மையான இசை என்று ஒரு முத்திரையும் விழுந்தது. நேர்மையாகச் சொன்னால் விமர்சனத்தில் பாதி உண்மை. இந்தக் குழுவின் சில உருப்படிகள் நகைக்கடை கண்ணாடிப் பெட்டி மாதிரி, பளபளப்பாக இருக்கின்றன, தொட முடியவில்லை. ஆனால் மறுபாதி அநியாயம். குழுவின் தலைவர் கறுப்பினத்தவர், 'புளூ சாண்ட்ஸ்' எழுதியவர் கறுப்பினத்தவர். சத்தமாக வாசித்தால்தான் கறுப்பின இசை, மெதுவாக வாசித்தால் வெள்ளையர் இசை என்ற கணக்கு, காலெட் தன் நண்பனிடம் சொன்ன அதே சந்தைக் கணக்கின் இன்னொரு வடிவம்தானே?

1957-ல் வந்த 'ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்சஸ்' என்ற படத்தில் இந்த முரண்பாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். பர்ட் லங்காஸ்டரும் டோனி கர்ட்டிஸும் நடித்த, நியூயார்க் பத்திரிகை உலகின் அழுக்கைக் காட்டும் படம். லங்காஸ்டர் சர்வ வல்லமை படைத்த பத்தி எழுத்தாளர். அவருடைய தங்கை ஒரு ஜாஸ் கிட்டார் கலைஞனைக் காதலிக்கிறாள். அதைக் கெடுக்க, அந்தக் கலைஞன் கம்யூனிஸ்ட், கஞ்சா அடிப்பவன் என்று கர்ட்டிஸ் மூலம் வதந்தி கிளப்புகிறார்கள். படத்தில் கிளப் காட்சிகளில் வாசிப்பது நிஜமான சிக்கோ ஹாமில்டன் குவின்டெட். காட்ஸும் செல்லோவோடு இருக்கிறார். ஆனால் கதைப்படி குழுவின் தலைவன் ஹாமில்டன் இல்லை! மார்ட்டின் மில்னர் என்ற வெள்ளை நடிகர் நடித்த கிட்டார்காரன்தான் தலைவன். அவர் விரல்களுக்குப் பின்னால் உண்மையில் ஒலிப்பது, ஹாலுக்குப் பதிலாகக் குழுவில் சேர்ந்திருந்த ஜான் பிசானோவின் கிட்டார். தன் பெயரில் இருக்கும் குழுவில் ஹாமில்டன் பின்னால் உட்கார்ந்து இன்னொருவரின் டிரம்ஸ்காரராக நடிக்கிறார்.

காதல் கதைக்கு நாயகன் தேவை, அன்றைய ஹாலிவுட்டில் வெள்ளைக்காரப் பெண்ணின் காதலனாகக் கறுப்பினக் கலைஞரைக் காட்ட மாட்டார்கள். அது புரிகிறது. இருந்தாலும் அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது கண் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பக்கமே போகிறது. படம் வெளியானபோது வசூலில் சரிந்தது, இன்று அமெரிக்காவின் முக்கியமான படங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது.

அதற்குள் குழுவில் ஆட்கள் மாறத் தொடங்கியிருந்தார்கள். காலெட் விலகி பால் ஹார்ன் வந்தார். காட்ஸ் விலகி நேட் கெர்ஷ்மன் வந்தார். ஆள் மாறினாலும் செல்லோ மாறவில்லை. 1958-ல் காலெட்டின் சிபாரிசில் வந்தவர் எரிக் டால்ஃபி. இவரும் லாஸ் ஏஞ்சலஸ்காரர், காலெட்டிடம் பாடம் கேட்டவர்.

அந்த வருடம் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் இந்தக் குழு வாசித்ததை 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்ற ஆவணப்படத்தில் பார்க்கலாம். மேடைக்கு முன்பாக ஒரு காட்சி. ஒரு அறைக்குள் கெர்ஷ்மன் தனியாக உட்கார்ந்து, பாக் எழுதிய செல்லோ இசையை வாசிக்கிறார். நடுவே நிறுத்தி ஒரு சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு மறுபடி தொடர்கிறார். பிறகு இரவு. 'புளூ சாண்ட்ஸ்'. டால்ஃபியின் புல்லாங்குழல். இருட்டில் ஹாமில்டனின் முகம் மட்டும், வியர்வை மின்ன, மேலட்டுகள் ஏறி இறங்க. அந்தச் சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் மைதானம் மூச்சு விடவில்லையோ என்று தோன்றும்.

டால்ஃபியோடு தொடர்புடைய இன்னொரு சமாச்சாரம். 1958-ல் டியூக் எலிங்டனின் பாடல்களை வைத்து இந்தக் குழு ஒரு முழு இசைத்தட்டுக்குப் பதிவு செய்தது. ஆனால் நிறுவனம் அதை அப்படி வெளியிடவில்லை. டால்ஃபி இல்லாமல், காலெட், ஹால் போன்ற பழைய ஆட்களைத் திரும்ப அழைத்து, அதே யோசனையை மறுபடி பதிவு செய்து 'எலிங்டன் சூட்' என்று வெளியிட்டார்கள். டால்ஃபி பதிப்பு தொலைந்தே போனது என்று எல்லோரும் நினைத்திருக்க, 1990-களில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் அதன் மாதிரித் தட்டு ஒன்று கிடைத்தது! 2000-ல் முறைப்படி வெளியானது. டால்ஃபி 1964-லேயே, 36 வயதில் இறந்துவிட்டார். ஹாமில்டனிடமிருந்து விலகி நியூயார்க் போனதும் அவர் சேர்ந்தது யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? மிங்கஸிடம்தான். செல்லோவை விட்ட அதே மிங்கஸ்.

1960-களின் தொடக்கத்தில் ஹாமில்டன் குழுவின் நிறம் மாறியது. சாக்ஸபோனுக்கு சார்லஸ் லாயிட், கிட்டாருக்கு ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த காபோர் சாபோ. 1962-ல் செல்லோ இருந்த இடத்தில் டிராம்போன். அத்தோடு இந்தக் கதை முடிகிறது. ஹாமில்டன் அதன்பிறகு விளம்பரப் படங்களுக்கு இசை, ரோமன் போலன்ஸ்கியின் 'ரிபல்ஷன்' படத்துக்கு இசை, 1980-களிலிருந்து நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் ஆசிரியர் வேலை என்று ஓயாமல் இருந்தார்.

காட்ஸின் பிற்கால வாழ்க்கைதான் வேடிக்கை. மலிவு விலைப் படங்களின் மன்னர் ரோஜர் கார்மனுக்கு இசையமைத்தார். 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' அவற்றில் ஒன்று. ஒவ்வொரு முறையும் புது இசை வேண்டும் என்று கார்மன் கேட்க, காட்ஸ் பழைய இசையையே புதுசு மாதிரி விற்றுவிடுவாராம். ஒரே சரக்கு, பல பில்! பிறகு கலிபோர்னியாவின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராகி, உலக இசையும் மானுடவியலும் மதமும் பல வருடங்கள் கற்பித்தார். 'தி டோர்ஸ்' ராக் குழுவின் டிரம்ஸ்காரர் ஜான் டென்ஸ்மோர் அவரிடம் படித்த மாணவர்.

ஜிம் ஹால் உலகின் தலைசிறந்த ஜாஸ் கிட்டார் கலைஞர்களில் ஒருவரானார். சோனி ராலின்ஸோடும் பில் எவன்ஸோடும் 1962-ல் அவர் செய்த பதிவுகளைக் கேட்டால், ஸ்ட்ரோலர்ஸ் மேடையில் படித்த அடக்கம் அப்படியே இருப்பது தெரியும். அமெரிக்க அரசின் 'ஜாஸ் மாஸ்டர்' விருது 2004-ல் அவருக்கும் ஹாமில்டனுக்கும் ஒரே ஆண்டில் கிடைத்தது.

கார்சன் ஸ்மித் 1997-ல் இறந்தார், காலெட் 2010-ல். 2013-ல் செப்டம்பர் 7 அன்று காட்ஸ், நவம்பர் 25 அன்று ஹாமில்டன், டிசம்பர் 10 அன்று ஹால் என்று மீதி மூன்று பேரும் மூன்றே கால் மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். முதல் இசைத்தட்டு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் செல்லோ சரியாகக் கேட்காது.